நாய்கள் ஜாக்கிரதை

எங்கள் தெருவில் இரண்டு வீட்டு வாசலில் செருப்பு காணாமல் போனதும், காவலுக்கு நாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். நாய் வருவதற்கு முந்தின வாரமே 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை வாங்கி கேட்டில் மாட்டிவிட்டேன். ஒரு நாய்க்கு எதற்கு 'நாய்கள்' என்று மனைவி கேட்டாள். கடையில் ஒருமையில் கிடைக்கவில்லை.

காப்பகத்தில் மற்றதெல்லாம் கம்பி மேல் ஏறி விழுந்து குரைக்க, ஒன்று மட்டும் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு மாடிப்படியில் ஒண்டிக்கிடந்த குட்டியாம். கூடப் பிறந்தவை எதுவும் பிழைக்கவில்லை. மிக்ஜாமில் மிஞ்சியதால் பெயர் ஜாம். மனைவி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரி, காவல் நாய் விஷயம் அத்தோடு முடிந்தது என்று புரிந்துகொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்த ஜாம் நேராகக் கட்டிலுக்கு அடியில் போனவன்தான். குக்கர் விசிலுக்குப் பயம், மிக்சிக்குப் பயம், என் தும்மலுக்குப் பயம். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குப் பயப்பட்டான், அது நியாயம். முருங்கைக்காய்க்கு ஏன் பயந்தான் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு மாதம் எங்கள் வீட்டில் வடித்த சோறு, முருங்கைக்காய் இல்லாத சாம்பார்.

காப்பகத்துப் பெண் ஒரு கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்: மிரட்சி தெளிய 3 நாள், வீட்டுப் பழக்கம் பிடிபட 3 வாரம், இதுதான் நம் வீடு என்று நம்ப 3 மாதம். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்கக் கூடாது, தலைக்கு மேலே கையை நீட்டக் கூடாது, பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து சும்மா எதையாவது பேசுங்கள் என்றார். தினமும் ராத்திரி தரையில் உட்கார்ந்து பீரோவைப் பார்த்து ஆபீஸ் கதையெல்லாம் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டு மாமி மறுநாள் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

வெளியில் மட்டும் எங்கள் கௌரவம் குறையவில்லை. அவன் காதில் ஒரு சின்ன வெட்டு உண்டு. கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய்க்கு வைக்கும் அடையாளம் அது. "சண்டையில கடி வாங்கினதா?" என்று கேட்பவர்களிடம் நான் மறுப்பதில்லை. கேஸ் சிலிண்டர் போடுபவர் பலகையைப் பார்த்துவிட்டு, "சார், நாயைக் கட்டுங்க" என்று கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்துவார். உள்ளே அந்தக் குரலுக்கே நடுங்கிக்கொண்டிருப்பான் ஜாம். "கட்டியாச்சு, வாங்க" என்பேன்.

மூன்றாவது வாரம் மூக்கு வெளியே வந்தது. இரண்டாவது மாதம் மனைவி காலடியில் படுக்க ஆரம்பித்தான். ஆனால் குரல் மட்டும் இல்லை. ஊமையோ என்றுகூட நினைத்தோம்.

அப்புறம் ஒரு நாள் நல்ல மழை. ஆபீஸிலிருந்து ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாக, சொட்டச் சொட்ட வந்து கேட்டைத் திறந்தேன். வாசற்படியில், மனைவிக்கு முன்னால், முடியெல்லாம் சிலிர்க்க நின்றுகொண்டு தெருவே அதிரக் குரைத்தான் ஜாம். நடுவில் இரண்டு தடவை பின்னால் திரும்பி அவள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டான். நான் ஓர் அடி எடுத்து வைத்தால் அவனும் ஓர் அடி முன்னால் வந்தான். மெதுவாகப் பின்வாங்கிக் கேட்டைச் சாத்திவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றேன்.

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "யாரு சார் வேணும்?"