கென்ஃபிக் மணலில் ஒரு பச்சைப் பூ

பிப்ரவரியில் வந்தபோது, மணல்மேடுகளுக்கு நடுவே இதே பள்ளத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பூட்ஸுக்குள் புகுந்த குளிர் கார்டிஃப் திரும்பும்வரை விடவில்லை. ஜூன் கடைசியில் அதே இடத்தில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரித்தோம்.

தெற்கு வேல்ஸில், போர்த்கால் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது கென்ஃபிக். இடைக்காலத்தில் இங்கே ஒரு ஊரே இருந்தது, மணல் விழுங்கிவிட்டது. கோட்டைச் சுவர் மட்டும் கொஞ்சம் தலைநீட்டுகிறது. தொலைவில் போர்ட் டால்பட் இரும்பாலை. படத்தில் அது விழாமல் இருக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

ஆற்று மணலில் ஊற்றுப் பறித்திருக்கிறீர்களா? இங்கே அதைக் காற்று செய்கிறது. மேடுகளுக்கு நடுவே காய்ந்த மணலை வாரிக்கொண்டே போகும். ஈரம் தட்டியதும் நின்றுவிடும், ஈர மணல் பறக்காதே. ஆக, பள்ளத்தின் தரை எங்கே என்று சொல்வது நிலத்தடி நீர்தான். குளிர்காலத்தில் அது மேலே வந்து தேங்கும், கோடையில் இறங்கும்.

நாங்கள் தேடி வந்த ஃபென் ஆர்க்கிட் என்ற சின்னப் பூச்செடி பிழைப்பது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். பிரிட்டனில் மிஞ்சியிருப்பது நார்ஃபோக் சதுப்புகளிலும் இந்தப் பக்கத்து மணல்மேடுகளிலும் மட்டும். நீர் இறங்கியே கிடந்தால் தரையோடு படரும் வில்லோப் புதரும் புல்லும் மூடிவிடும். கோடையிலும் வடியாவிட்டால் அதுவும் ஆகாது. வடக்கு வேல்ஸின் நியூபரோ மணல்மேடுகளில் அளந்திருக்கிறார்கள்: சராசரி நீர்மட்டம் 20 செ.மீ. வேறுபட்டாலே செடிக்கூட்டம் வேறாகிவிடுகிறது. ஒரு சாண்தான்!

இரண்டு மணி நேரம் தேடினோம். "இதுங்களா?" என்று நண்பர் காட்டியதெல்லாம் கண்ணைப் பறிக்கும் ஊதா ஆர்க்கிட். கடைசியில் நான் தண்ணீர் பாட்டில் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு இலை, விரல் நீளத் தண்டு, மஞ்சள் பூசிய பச்சைப் பூ. களை என்று மிதித்திருப்பேன். பூச்சிக்காக இது காத்திருப்பதில்லை. மழைத்துளி தட்டி மகரந்தம் தன் சூல்முடியிலேயே ஒட்டினால் போதும்.

அப்புறம், பாதைக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தால் சுரண்டிய பெரிய வெட்டு. மணல் கொள்ளைதான் ஞாபகம் வந்தது எனக்கு. செய்தவர்கள் இந்த இடத்தின் இயற்கைப் பாதுகாவலர்களேயாம். 1950களில் மிக்ஸோமடோசிஸ் நோயில் முயல்கள் செத்தபின் மேய ஆளில்லை. புல் மணலை இறுக்கிக் கட்டிவிட்டது. காற்றால் புதுப் பள்ளம் பறிக்க முடியவில்லை, அதனால்தான் இயந்திரம்.

வெட்டின் அடியில் இறங்கி, பழக்கதோஷத்தில் கையால் பறித்தேன்.

"இங்கெல்லாம் தோண்டக் கூடாதுங்க" என்றார் நண்பர்.

அதற்குள் விரல்நுனி நனைந்துவிட்டது.