கெர்னல் மெமரி லீக் கேள்வில கோட்டை விட்டுட்டு, அப்புறம் நான் படிச்ச விதம்

எம்பெடட் லினக்ஸ் வேலைக்கு ஒரு இன்டர்வியூ போயிருந்தேன். "போர்டு ரெண்டு நாள் ஓடினா மெமரி தீந்துடுது, டாப் கமாண்ட்ல பாத்தா எந்த ப்ராசஸும் பெருசா இல்ல, எங்க தேடுவீங்க?"னு கேட்டாங்க. நான், மெமரி லீக் (எடுத்த மெமரிய திருப்பிக் குடுக்காம விடுறது) தேடுற வால்கிரைண்ட்னு சொல்லிட்டேன். அது யூசர் ஸ்பேஸ்ல ஓடுற சாதாரண ப்ரோக்ராமுக்குத்தான், கெர்னலுக்குள்ள, அதாவது லினக்ஸோட மையப் பகுதிக்குள்ள, ஒண்ணும் பண்ணாது; அவங்க கேட்டதோ கெர்னல் லீக்க. அந்த வேலை கிடைக்கல, ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அதுக்கப்புறம் உக்காந்து படிச்சதத்தான் இங்க எழுதுறேன், இதுக்கு தயாராகுறவங்க யாருக்காவது உதவட்டும்.

முதல்ல, மெமரி கணக்க காட்டுற மெம்இன்ஃபோ ஃபைல பாத்துப் பழகுங்க. அதுல ஸ்லாப்னு ஒரு வரி (கெர்னல் தனக்காக எடுத்து வெச்சிருக்குற சின்னச் சின்ன மெமரித் துண்டுகள்), அதுக்குக் கீழயே எஸ்ரீக்ளெய்மபிள், எஸ்அன்ரீக்ளெய்ம்னு ரெண்டு வரி இருக்கும். இந்த ரெண்டுல முதல் வரி ஏறினா பயப்படாதீங்க, பெரிய டிஸ்க்ல ஃபைண்ட் கமாண்ட் ஓட்டினாலே டென்ட்ரி கேஷ் (ஃபைல் பேர்கள நினைவு வெச்சுக்குற இடம்) கூடும், மெமரி தேவைப்பட்டா கெர்னலே திருப்பி எடுத்துக்கும். ரெண்டாவது வரி மணிக்கணக்கா ஏறிக்கிட்டே இருந்து இறங்கவே இல்லன்னாதான் சந்தேகப்படணும். எந்த கேஷ் (ஒரே சைஸ் துண்டுகளோட தொகுப்பு) வீங்குதுன்னு ஸ்லாப்டாப் கமாண்ட் காட்டிடும்.

இத வெறுமனே படிச்சா மனசுல நிக்காது, நீங்களே ஒரு லீக் எழுதுங்க. நான் க்யூஎமுல (போர்டு மாதிரி நடிக்குற ப்ரோக்ராம்), கேமெம்லீக் (கெர்னலுக்குள்ளயே இருக்குற லீக் தேடும் கருவி) ஆன் பண்ண கெர்னல் பில்ட் பண்ணி, ஒரு சின்ன மாட்யூல்ல (கெர்னல்ல பின்னாடி ஏத்துற கோட்) 200 பைட் கேமெலாக் பண்ணி, அதாவது கெர்னல்கிட்ட மெமரி கேட்டு வாங்கி, அந்த மெமரி அட்ரஸ் இருக்குற பாயின்டர தொலைச்சேன், 1 லட்சம் தடவை. ஸ்லாப்டாப்ல கேமெலாக்-256 மேல வந்து நின்னுச்சு, ஏன்னா 200 கேட்டா 256 சைஸ் டப்பாலதான் குடுக்கும், கிட்டத்தட்ட 25 எம்பி காலி. ஆனா கேமெம்லீக் ஸ்கேன் குடுத்தா ஒண்ணுமே வரல! ஒரு நாள் பூரா கான்ஃபிக் தப்போன்னு தேடினேன். விஷயம் என்னன்னா, புதுசா வந்த ஆப்ஜெக்ட்ட முதல் ஸ்கேன்ல செக்சம் (உள்ள இருக்குறத வெச்சுக் கணக்கிடுற எண்) மட்டும் குறிச்சு வெச்சுக்கும், அடுத்த ஸ்கேன்லயும் மாறாம, யாரும் பாயின்ட் பண்ணாம இருந்தாதான் ரிப்போர்ட் பண்ணும். ரெண்டாவது ஸ்கேன்ல சைஸ் 256, மாட்யூல ஏத்தின இன்ஸ்மாட் கமாண்ட், பேக்ட்ரேஸ்ல (எந்தெந்த ஃபங்ஷன் வழியா வந்துச்சுங்குற பட்டியல்) என் ஃபங்ஷன் பேருன்னு வரிசையா வந்துச்சு.

அப்புறம் அதே ஆப்ஜெக்ட்கள ஒரு குளோபல் லிஸ்ட்ல மாட்டி ஃப்ரீ பண்ணாம விட்டுப் பாருங்க, இதுதான் முக்கியமான பயிற்சி. கேமெம்லீக் வாயே தொறக்காது, ஏன்னா லிஸ்ட் வழியா பாயின்டர் இருக்கே. நிஜ டிரைவர்ல வர்ற ரெஃபரன்ஸ் கவுன்ட் லீக்ல (யாரோ இன்னும் பயன்படுத்துறாங்கங்குற எண்ணிக்கை குறையாம நின்னுடுறது) பாதிக்குப் பாதி இந்த ஜாதின்னுதான் எனக்குத் தோணுது. மாட்யூல கழட்டினா குளோபலும் போயிடும், அப்ப பிடிபடும், ஆனா பேக்ட்ரேஸ்ல ஃபங்ஷன் பேருக்குப் பதில் வெறும் அட்ரஸ்தான் இருக்கும், அதனால லோடு பண்ண அட்ரஸ முன்னாடியே எழுதி வெச்சுக்கங்க. அலாக் பேஜஸ்ல, அதாவது முழுப் பக்கமா (பேஜ்) நேரா எடுக்குறதையும் கேமெம்லீக் கண்காணிக்காது, அதுக்கு எந்தப் பக்கத்த யார் எடுத்தாங்கன்னு குறிக்குற பேஜ் ஓனர் வேணும்.

அடுத்த இன்டர்வியூல "கஸ்டமர் கிட்ட இருக்குற போர்டுல கேமெம்லீக் இல்லையே, என்ன பண்ணுவீங்க?"ன்னாங்க. மணிக்கு ஒருக்கா ஸ்லாப் கணக்கு இருக்குற ஸ்லாப்இன்ஃபோ ஃபைல க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா வேலை ஓட்டுறது) சேமிப்பேன், எந்த கேஷ் நேர்கோட்டுல ஏறுதுன்னு பாத்துட்டு, அந்த சைஸுக்கு மட்டும் கேமெலாக் ட்ரேஸ்பாயின்ட் (ஒவ்வொரு தடவை நடக்குறதையும் பதிவு பண்ற இடம்), கூடவே மெமரிய திருப்பிக் குடுக்குற கேஃப்ரீ ட்ரேஸ்பாயின்ட்டும் போட்டு, ஜோடி சேராதத தேடுவேன்னு சொன்னேன். அதுக்கு மேல அரை மணி நேரம் அந்த ஒரே பதில வெச்சுதான் பேசினோம்.