வைவாவுக்கு பாலிமர் பிரஷ் படிக்கிறவர்களுக்கு

பிஎச்டி காம்ப்ரிஹென்சிவ் வைவாவில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது மெல்லிய பாலிமர் படலங்களின் கண்ணாடி நிலைமாற்றம்தான். குளிரும்போது பாலிமர் குழைவான நிலையிலிருந்து கண்ணாடி போல இறுகுவது அது; அது நடக்கும் வெப்பநிலைதான் டி.ஜி. (Tg). இந்தப் பகுதியை நான் படித்த வரிசையைச் சொல்கிறேன்.

1994-இல் கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் வெளியிட்ட கட்டுரையில் தொடங்குங்கள். சிலிக்கான் மேல் பூசிய பாலிஸ்டைரீன் படலம் சுமார் 40 நானோமீட்டருக்கும் கீழே மெலிந்தால் டி.ஜி. இறங்குகிறது என்று காட்டியவர்கள் இவர்கள். வரைபடம் நினைவிருந்தால் மட்டும் போதாது, அளந்தது எதை என்று கேட்பார்கள். ஒளி பட்டுத் திரும்புவதை வைத்து அளக்கும் எலிப்சோமீட்டர் தருவது தடிமன். 20 நானோமீட்டர் படலம் டி.ஜி.க்கு மேலே, உருகிய நிலையில், 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 0.1 நானோமீட்டர் சுருங்கும். கண்ணாடி நிலையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வெப்பநிலைக்கு எதிராகத் தடிமனை வரைந்தால், கோட்டின் சாய்வு மாறுகிற இடமே டி.ஜி. அந்த இடம் குளிர்விக்கும் வேகத்தைப் பொறுத்தும் நகரும் என்பதால் அந்த வேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒட்டுப்போட்ட சங்கிலிகள்: ஒரு முனை தளத்தோடு கட்டப்பட்டு நெருக்கமாக நிற்பவை, இவைதான் பாலிமர் பிரஷ். இங்கே ஒரு கணக்கைக் கையால் போட்டே ஆக வேண்டும். உலர்ந்த தடிமன் 20 நானோமீட்டர், மூலக்கூறு எடை 50,000 என்றால், பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05-ஐ வைத்து, சதுர நானோமீட்டருக்குச் சுமார் 0.25 சங்கிலி வரும்; இதுதான் ஒட்டு அடர்த்தி. அதாவது பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையே சுமார் 2 நானோமீட்டர். கட்டற்ற சங்கிலிச் சுருளின் சுழல் ஆரமோ (சுருள் எவ்வளவு பரந்திருக்கிறது என்பதன் அளவு) 6 நானோமீட்டர். நெருக்கத்தில் சங்கிலிகள் ஏன் நிமிர்ந்து நீள்கின்றன என்பது அங்கேயே புரிந்துவிடும்.

“முனையைக் கட்டிவிட்டால் டி.ஜி. ஏற வேண்டாமா?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முழுச் சங்கிலி நகர்வதும் சங்கிலித் துண்டுகள் அசைவதும் வேறு வேறு என்று சொல்லித் தொடங்குங்கள். கட்டு போட்டால் முதலாவது நின்றுபோகிறது. டி.ஜி.யைத் தீர்மானிப்பது இரண்டாவது. அந்தச் சங்கிலியில் சுமார் 480 அலகுகள் உண்டு. கட்டை நேராக உணர்வது சுவரை ஒட்டியவை மட்டும். அடிப்பகுதி மந்தமாகவும் காற்றுப் பக்கம் சுறுசுறுப்பாகவும் இருக்கலாம். சராசரியை அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒட்டு அடர்த்தியைச் சொல்லாமல் “ஏறும்”, “ஏறாது” என்று ஒற்றை வரியில் பதில் சொல்லாதீர்கள்.

தளத்தையும் விடாதீர்கள். ஒட்டுப்போடாத பிஎம்எம்ஏ (பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்) படலம் மெலியும்போது சிலிக்கான் ஆக்சைடு மேல் டி.ஜி. ஏறுகிறது, தங்கத்தின் மேல் இறங்குகிறது.

செய்முறைக் கேள்வி வந்தால் டொலுயீன் கழுவலைச் சொல்லுங்கள்: ஒட்டாத சங்கிலிகள் கரைந்து போன பிறகு மிஞ்சுகிற தடிமனைத்தான் மேலே சொன்ன கணக்கில் போட வேண்டும்.