கடைசி லாக் நனையக் கூடாது: ஜனவரி நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

விடிவதற்குள் கோடியக்கரை போய்ச் சேர்ந்துவிட்டேன். மழை விட்டும் சதுப்போரம் இன்னும் உளையாகத்தான் கிடக்கிறது. பூநாரைகள் ஒரு கூட்டமாக ஆழமில்லாத தண்ணீரில் நின்றன. வெளிச்சம் பத்து நிமிடத்தில் மாறிவிடும். அவசரத்தில் ட்ரைபாடின், அதாவது கேமராவை நிறுத்தும் முக்காலியின், மேல் பிரிவுகளை மட்டும் இழுத்து நிறுத்தினேன். தடித்த கால்தான் ஆடாது என்பதால் கட்டாந்தரையில் அப்படித்தான் நிறுத்துவேன். கை அதையே செய்துவிட்டது. ஆக, பிரிவுகளைத் திருகி இறுக்கும் வளையங்களான லாக்குகளில் கீழ் இரண்டும் அடுத்தடுத்துத் தரையை ஒட்டியே இருந்தன. தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆனால் சேறு ஒரு சாண் உள்வாங்கியது. இரண்டு லாக்கும் களிக்குள் போய்விட்டன.

படம் நன்றாக வந்திருக்கிறது. கால்களை மேலாக ஒரு துணியால் வழித்து, மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு திருத்துறைப்பூண்டி திரும்பினேன். உடம்பு அசதி. நாளை கழுவிக்கொள்ளலாம் என்று படுக்கப் போகிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

நேற்றே கழுவியிருக்க வேண்டும். காலையில் லாக்கைத் திருகினால் அம்மியில் மண்ணை வைத்து அரைக்கிற சத்தம். ஒரு கால் பாதியிலேயே நின்றுவிட்டது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ்; கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7. என் ட்ரைபாடின் குழாய் கார்பன் என்றாலும் லாக்கின் திருகு மறை அலுமினியம்; அதற்கு 3 கூடத் தேறாது. மறை ஓடும் இடத்தில் நாலு மணல் இருந்தால் போதும், ஒவ்வொரு திருகலும் ஒரு கீறல்.

அதைவிடப் பயம் உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் இருக்கும். சதுப்பில் தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். "காஞ்சு போச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று நண்பர்கள் கேட்பார்கள். காய்வதில்லை. சமையலறையில் நின்றபடி அம்மா சொன்னார்: "மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுதே, பார்த்ததில்லையா நீ?" அதேதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்து நீர்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து ராத்திரிக் காற்று அநேகமாக அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். அதனால் மடக்கி வைத்த காலுக்குள் அரிப்பு இரவெல்லாம் நடக்கிறது.

சித்தப்பா ஸ்டூடியோவில் இருந்த அலுமினிய ட்ரைபாட் அப்படித்தான் போயிற்று. அவர் 20 வருடம் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிப்போனதை நான் ஒரே கோடையில் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கெடுத்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

ராத்திரி 8 மணிக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பிரித்தேன். விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் மடக்காமல், எல்லாப் பிரிவையும் இழுத்துவிட்ட நிலையில் லாக்குகளை இறுக்கி, நல்ல தண்ணீரை மக்கில் ஊற்றிக் கழுவினேன். லாக் திறந்திருந்தால் அழுக்கு உள்ளே போகும். வெளியே ஒட்டியது போனபிறகுதான் கழற்றல். கீழிருந்து தொடங்க வேண்டும். வளையத்தை முழுக்கத் திருகி இறக்கினால் உள்கால் தனியே வந்துவிடும். அதன் மேல்முனையில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், நகத்தை இரண்டாக வெட்டினது போல எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் புடைப்பு; அது குழாயில் உள்ள துளையில் பொருந்தும். வளையத்துக்குள் இன்னொரு பிளாஸ்டிக் சுற்று, ஒரு பக்கம் கூம்பியது. வளையத்தை இறுக்கும்போது இந்தச் சுற்றுதான் காலைக் கவ்வுகிறது. எது மேல், எது கீழ் என்று கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்தேன். ஒரு காலின் சாமான் அடுத்த காலோடு கலக்கக் கூடாது.

மறைக்குள் பழைய டூத் பிரஷ். சோப்பு நீரில் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் களி பால் போல வழிந்தது. அதன் அடியில் கறுத்த பழைய கிரீஸ். அதற்குள்தான் மணல், எள்ளுருண்டையில் எள்ளு பதிந்த மாதிரி. கிரீஸை முழுதும் துடைத்தெடுத்தால்தான் மணலும் போகும். மேலே புதிதாகப் பூசி மூடுவது வீண் வேலை. துருவை எடுக்கிற ஸ்ப்ரேயை அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. நான் அடிக்க மாட்டேன். உள்ள கிரீஸைக் கரைத்துவிட்டு, தன் எண்ணெய்ப் பிசுக்கில் அடுத்த மணலைப் பிடித்துக்கொள்ளும்.

நன்றாகக் காய்ந்த பிறகு மறையில் மட்டும் மெல்லிசாக கிரீஸ். கவ்வுகிற சுற்றில் ஒரு துளி படக் கூடாது. பட்டால் கேமரா எடைக்குக் கால் வழுக்கி இறங்கும். கேமராவைத் தாங்கும் பால் ஹெட்டைத் தண்ணீரில் காட்டவே இல்லை, ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

முடிக்கும்போது மணி 11. நின்றுபோன கால் ஒரே இழுப்பில் வந்தது. கண் கலங்கிவிட்டது, பொய்யில்லை.

ஜனவரி 11, சனி

மறுபடி அதே பக்கம், இந்த முறை வேதாரண்யத்து உப்பளங்களின் ஓரமாக. மழைக்குப் பிறகு பாத்திகளைச் சீர்செய்து, காலால் மிதித்துத் தரையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசிப் பிரிவை முழுசாக இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன். ஒல்லிக்கால் கொஞ்சம் ஆடும்தான். ஆனால் கடைசி லாக் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகிறது. ஆட்டத்தை ரிமோட்டாலும் பொறுமையாலும் சமாளிக்கலாம், லாக்குக்குள் போன உப்பை அங்கே நின்று சமாளிக்க முடியாது.

ஆனாலும் கால் இறங்கிக்கொண்டே போயிற்று. மிதித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, ஊசி மாதிரி நட்டா நிக்குமா? அடியில அகலமா ஏதாச்சும் குடுங்க" என்றார். சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் கிடந்த கொட்டாங்கச்சியை அவரே எடுத்துத் தந்தார். ரப்பர் பாதம் 3 செ.மீ., கொட்டாங்கச்சி வாய் 12 செ.மீ. அகலம் 4 மடங்கு என்றால் தாங்கும் பரப்பு 16 மடங்கு. கவிழ்க்காமல் மல்லாக்க வைத்து, குழியில் பாதத்தை ஊன்றினேன். இரண்டு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது.

எடுக்கும்போது சேறு கவ்விக்கொண்டு விடவில்லை. நேராக இழுக்காமல் ஒரு பக்கம் சாய்த்து, காற்று உள்ளே போக விட்டதும் வந்தது. அடுத்த தடவைக்குக் கண் உள்ள மூடியாகப் பார்த்து, துளையில் கயிறு கோத்துக் காலோடு கட்டிவிட வேண்டும்.

உப்பை வாரும் அவர்களுடைய வாருபலகை மரம். இரும்பு ஏன் இல்லை என்று கேட்டேன். "உப்புக்கு இரும்பு கடலை மிட்டாய் தம்பி" என்றார்.

ஜனவரி 13, திங்கள், போகி

பழையதைக் கழிக்கும் நாள். சித்தப்பாவின் ட்ரைபாடைப் போட்டுவிடலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்று பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

ஜனவரி 18, சனி

தனுஷ்கோடி, அரிச்சல்முனை. வாடைக்காற்று மணலை முழங்கால் உயரத்துக்கு ஓட்டிக்கொண்டே இருந்தது. இங்கே தரையைத் தொடாத லாக்கிலும் மணல் வந்து உட்காரும். அதனால் சாலையிலேயே கால்களை வேண்டிய அளவுக்கு நீட்டி, இறுக்கி, அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். கடற்கரையில் ஒரு லாக்கைக்கூடத் தொடவில்லை. உயரம் போதாத இடத்தில் நான் குனிந்துகொண்டேன்.

லாக்குகளை பிளாஸ்டிக் உறையால் கட்டிப் பார்த்ததும் இன்றுதான். காற்றில் படபடத்துக் காலையே அதிரவைத்தது. அவிழ்த்தபோது உள்ளே ஈரமும் மணலும் தங்கியிருந்தன. இனி அது இல்லை.

அலை வந்துபோகும் இடத்தில் 30 வினாடி எக்ஸ்போஷர் வைத்தேன். திரும்பும் தண்ணீர் பாதத்தைச் சுற்றி மணலைப் பறித்துக்கொண்டு போகிறது, கால் சத்தமில்லாமல் இறங்குகிறது. முதல் இரண்டு படமும் கலங்கிவிட்டன. பிறகு மேலிருந்து இரண்டு கையாலும் அமுக்கி, இரண்டு அலைகளை வெறுமனே விட்டு, அது உட்கார்ந்தபிறகு எடுத்தேன். நிலைத்தது.

ஜனவரி 19, ஞாயிறு

ராமேஸ்வரம் அறையில் நேற்றிரவே, சாப்பிடும் முன்பே, ஒரு வாளி நல்ல தண்ணீர். காய்ந்த மணலை முதலில் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நீட்டிய நிலையிலேயே கழுவி, பாதங்களைக் கழற்றிச் சாய்த்து வைத்தேன். குழாய்க்குள்ளிருந்து அரை டம்ளர் தண்ணீர் வடிந்தது. காலையில் லாக்கில் சத்தமே இல்லை.

ஜனவரி 29, புதன், தை அமாவாசை

கோடியக்கரைக் கடலில் தீர்த்தமாடக் கூட்டம். கேமராவை எடுத்துப் போகவில்லை, அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலையில் மறுபடி மூன்று கால்களையும் பிரித்துப் பார்த்தேன். மறைகள் சுத்தம். இரண்டாவது காலின் நடு வளையத்தில் மட்டும், கார்பன் குழாயோடு ஒட்டுகிற விளிம்பில், வெள்ளையாக விபூதி மாதிரி ஒரு கோடு. கார்பனும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பேட்டரி போல வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம்தான். 4ஆம் தேதி ராத்திரி தூங்கினேனே, அந்த ஒரு ராத்திரியில் தொடங்கியதாகத்தான் இருக்கும். சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்திருக்கிறேன். எந்த வளையம் என்று தெரிய, வெளிப்பக்கம் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி. மாதாமாதம் முதலில் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.