சாமுவேலின் மலையிலிருந்து கிபியோன்

எருசலேமுக்கு வரும் பயணக் குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் கிபியோன் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பெத்லகேம், கெத்செமனே, கல்வாரி, கலிலேயாக் கடல் என்று சுவிசேஷங்களின் வழியே விரையும் பயணத்தில், பழைய ஏற்பாட்டு ஊர்களுக்கு அரை நாள் ஒதுக்குவதுகூடச் சிரமம்தான். ஆனால் எங்கள் குழுவில் பலர் சேகரக் கமிட்டியிலோ சபைப் பள்ளிக்கூடங்களின் நிர்வாகத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள். ஆகையால், சாலொமோன் ராஜா கர்த்தரிடம் ஞானத்தைக் கேட்ட இடமான கிபியோனுக்குப் பக்கத்திலாவது நின்று அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு வரவேண்டும் என்று எங்கள் குருவானவர் புறப்படும் முன்பே சொல்லியிருந்தார்.

கிபியோன் இன்று அல்-ஜிப் என்ற பாலஸ்தீனக் கிராமம். எருசலேமுக்கு வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதற்குத் தெற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் நபி சம்வில் என்ற மலை நிற்கிறது. சாமுவேல் தீர்க்கதரிசியின் கல்லறை அங்கே இருப்பதாக யூதரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் பல நூற்றாண்டுகளாக நம்பிவருகிறார்கள். சாமுவேல் ராமாவில் அடக்கம்பண்ணப்பட்டார் என்றுதான் வேதம் சொல்லுகிறது. ராமா இந்த மலைதானா என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. சாலொமோன் பலி செலுத்திய, கிபியோனிலிருந்த ‘பெரிய மேடை’ இந்த உச்சியில்தான் இருந்திருக்கும் என்று கருதுவோரும் உண்டு. இந்தக் கருத்துக்குத் தொல்லியல் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் மேலே ஏறி நின்றவுடன், பலி செலுத்த உயரமான இடம் தேடியவர்கள் இதைத் தாண்டிப் போயிருப்பார்களா என்ற எண்ணம் எனக்கும் வந்தது.

இன்றைய கட்டடம் 12-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்வீரர்கள் எழுப்பிய ஆலயத்தின் மேல் வளர்ந்தது. 1099 ஜூன் மாதம் அவர்கள் எருசலேமை முதன்முதலாகக் கண்ணால் கண்டது இங்கிருந்துதான் என்பதால் ‘மகிழ்ச்சி மலை’ என்று இதற்குப் பெயரிட்டார்கள். பின்னர் அது மசூதியாயிற்று. 1917-இல் நடந்த போரில் சேதமடைந்து மீண்டும் கட்டப்பட்டது. இப்போது மேல் தளத்தில் மசூதியும், கீழே கல்லறையை ஒட்டி யூதரின் ஜெப ஆலயமும் இயங்குகின்றன. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு ஜெபங்கள் நடப்பதை நல்லிணக்கத்தின் அடையாளம் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கல்லறையைச் சுற்றியிருந்த பாலஸ்தீனக் கிராமத்தின் வீடுகள் 1971-இல் இடிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களில் சிலர் இன்றும் சற்றுத் தள்ளி வாழ்கிறார்கள். இவ்வளவு பாரம் சுமக்கிற மலையில் நின்றுகொண்டுதான் நாங்கள் தலைமையைப் பற்றி வேதம் வாசித்தோம்.

கீழ்த்தளத்துக்குப் போகும் படிகள் குறுகியவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு; ஆண்கள் தலையை மூடிக்கொள்ளவேண்டும். எபிரெய எழுத்துகள் பின்னிய கருநிறத் துணி கல்லறையைப் போர்த்தியிருந்தது. சுவர் ஓரத்து அலமாரியில் விளிம்பு தேய்ந்த ஜெபப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு முதியவர் துணியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, உதடு அசைவது தெரியாத அளவுக்குச் சன்னமாகச் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று வயது ஆண்பிள்ளைகளை அழைத்துவந்து இங்கே முதல்முடி இறக்கும் வழக்கம் யூதரிடையே ஒரு காலத்தில் இருந்தது. ‘அவன் தலையின்மேல் சவரகன் கத்தி படுவதில்லை’ என்று அன்னாள் பொருத்தனை பண்ணிப் பெற்ற பிள்ளையின் கல்லறையில் முடி இறக்குவதா என்று எங்களுடன் வந்த அக்கா ஒருவர் வியந்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை.

அங்கே நாங்கள் வாசித்தது முதலாம் சாமுவேல் 12-ஆம் அதிகாரம். பதவியை விட்டு இறங்கும் நாளில் முழு ஜனத்தையும் கூட்டி, ‘நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?’ என்று கேட்டு, யார் கையிலாவது பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கியிருந்தால் சொல்லுங்கள் என்று சாமுவேல் தன்னையே விசாரணைக்கு உட்படுத்துகிறார். கணக்குக் கேட்கும் கூட்டங்களில் எழும் சத்தத்தை அறிந்த எங்கள் குழுவினர் அந்த வசனத்தில் சற்று அசைந்து உட்கார்ந்தார்கள். இதற்கு நான்கு அதிகாரங்களுக்கு முன்பு இன்னொரு காரியமும் இருக்கிறது. சாமுவேல் நியாயாதிபதிகளாக ஏற்படுத்திய அவருடைய குமாரர்களே பரிதானம் வாங்கினார்கள். அதைக் காரணம் காட்டித்தான் ஜனங்கள் ராஜாவைக் கேட்டார்கள். அப்போது சாமுவேல் எச்சரித்தார். வரப்போகிற ராஜா குமாரர்களை ரதங்களுக்கும், குமாரத்திகளைச் சமையலுக்கும் அப்பஞ்சுடுகிறதற்கும் எடுத்துக்கொள்வான், வயல்களை எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வான் என்று எடுக்கப்போகிறவற்றை மட்டுமே வரிசையாகச் சொன்னார்.

பிறகு மொட்டைமாடிக்கு ஏறினோம். தென்கிழக்கே எருசலேமின் கோபுரங்கள் தெரிந்தன. வடக்கே, ஒலிவ மரங்களும் கல்வரப்புகளும் கொண்ட சரிவுக்கு அப்பால், தாழ்ந்த குன்றொன்றின் மேல் அல்-ஜிப் கிராமம் தெரிந்தது. கூப்பிடு தூரமானாலும், இடையில் இஸ்ரேல் கட்டிய பிரிப்பு வேலி இருப்பதால் இறங்கி நடந்து போய்விட முடியாது. எச்சரித்த தீர்க்கதரிசியின் கல்லறைக் கூரையிலிருந்து, ஞானம் கேட்ட ராஜாவின் ஊரைப் பார்க்கும் இந்த நில அமைப்பை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அந்த மாடியில் குருவானவர் முதலில் யோசுவா 9-ஆம் அதிகாரத்தைத் திறந்தார். கிபியோனின் குடிகள் பழைய கந்தைகளையும் பூசணம் பூத்த அப்பத்தையும் காட்டி, தூரதேசத்திலிருந்து வந்ததாக நடித்து, யோசுவாவோடு உடன்படிக்கை செய்துகொண்ட சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததே. இஸ்ரவேலின் பிரபுக்கள் அந்த அப்பத்தைப் பார்த்தார்கள், உணவைச் சோதித்தார்கள், ஆனால் கர்த்தரிடத்தில் விசாரிக்கவில்லை என்று அந்த அதிகாரம் வெளிப்படையாகவே சொல்லுகிறது. ஆணையிட்டுக் கொடுத்ததால் அவர்களைக் கொல்லவும் முடியாமல், பலிபீடத்துக்கு விறகு வெட்டுகிறவர்களாகவும் தண்ணீர் எடுக்கிறவர்களாகவும் வைத்தார்கள். பின்னாளில் சவுல் அந்த ஆணையை மீறிக் கிபியோனியரைக் கொன்றான். அதன் விளைவாகத் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டாயிற்று. சவுலின் வம்சத்தார் ஏழு பேர் தூக்கில் போடப்பட்டார்கள். அவர்களில் இருவரின் தாயான ரிஸ்பாள் தன் பிள்ளைகளின் சடலங்களைப் பறவைகளும் மிருகங்களும் தொடாதபடி காத்திருந்தாள். கேளாமல் எடுத்த ஒரு முடிவு தலைமுறைகள் கடந்து ஒரு தாயை அந்தக் கன்மலையில் உட்காரவைத்தது.

அந்தக் கிபியோனில்தான் சாலொமோனுக்குச் சொப்பனத்திலே ‘நீ விரும்புகிறதை என்னிடத்தில் கேள்’ என்ற சத்தம் வந்தது. உடன்படிக்கைப் பெட்டி அப்போது எருசலேமில் இருந்தது. மோசே செய்த ஆசரிப்புக் கூடாரமும் பெசலெயேல் உண்டாக்கிய வெண்கலப் பலிபீடமும் கிபியோனில் இருந்தன என்று நாளாகமம் சொல்லுகிறது. ஆயிரம் சர்வாங்க தகனபலிகளை அவன் அங்கே செலுத்தினான். அவ்வளவு பலிகளுக்கும் விறகும் தண்ணீரும் சுமந்தவர்கள், கேளாமையின் நினைவுச் சின்னமாகவே நிறுத்தப்பட்டிருந்த அந்தக் கிபியோனியரின் வம்சத்தார்தான் என்று நினைக்க இடமுண்டு.

இந்தச் சொப்பனத்தை எங்கள் பக்கத்தில் பிரசங்கிக்கும் விதம் எனக்கு உவப்பானதல்ல. ஐசுவரியத்தைக் கேட்காததால் ஐசுவரியமும் கூடக் கிடைத்தது, நீங்களும் அப்படியே ஜெபியுங்கள் என்று முடிப்பார்கள். அது ஞானத்தைக் கேட்பதையே வருமானத்துக்கான வழியாக்கிவிடுகிறது. முந்தின அதிகாரத்தை வாசிக்காமல் நேராக 3-ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுவதால் வரும் வினை இது. முதலாம் இராஜாக்கள் 2-ஆம் அதிகாரம் இரத்தத்தில் நனைந்தது. மரணப்படுக்கையில் தாவீது, முன்பு தன்னைச் சபித்த சீமேயியைக் குறித்துத் தன் மகனிடம், ‘நீ புத்திமான், அவனுக்குச் செய்யவேண்டியதை அறிவாய்’ என்கிறான். சாலொமோனும் அறிந்தபடியே செய்தான். அண்ணன் அதோனியா வெட்டப்பட்டான், ஆசாரியன் அபியத்தார் ஆனதோத்துக்குத் துரத்தப்பட்டான், பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டிருந்த தாவீதின் படைத்தலைவன் யோவாபைப் பெனாயா அங்கேயே வெட்டினான், கடைசியாகச் சீமேயி. ராஜ்யபாரம் சாலொமோனின் கையிலே ஸ்திரப்பட்டது என்று அந்த அதிகாரம் முடிகிறது.

ஆக, சிங்காசனத்தைக் காப்பாற்றும் சாமர்த்தியம் அவனிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. அப்படிப்பட்டவன்தான் கிபியோனில், ‘நானோ போக்குவரவு அறியாத சிறுபிள்ளை’ என்று சொல்லி, ஜனங்களை நியாயம் விசாரிக்கவும் நன்மை தீமை இன்னதென்று வகையறுக்கவும் ஞானமுள்ள இருதயத்தைக் கேட்கிறான். எதிரிகளை அடக்கத் தெரிந்தவனுக்கும் ஜனங்களின் வழக்கைக் கேட்கத் தெரியாது என்று அவனுக்கே விளங்கியிருக்கவேண்டும். அவன் கேட்டது ஆட்சியை நீட்டிக்கும் உபாயத்தை அல்ல. வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு நீதி செய்யும் திறத்தை. சாலொமோனின் பேரால் வழங்கும் 72-ஆம் சங்கீதமும் சிறுமைப்படுகிறவர்களை நியாயம் விசாரிப்பதையே ராஜாவின் வேலையாகச் சொல்லுகிறது.

அந்த அதிகாரத்தில் உடனே வருவது ஒரு பிள்ளைக்காக வழக்காடிய இரண்டு பெண்களின் கதை. பட்டயத்தையும் பிள்ளையை இரண்டாகப் பிளக்கச் சொன்னதையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அக்கா வேறொன்றைக் காட்டினார். “ஐயா, அந்த ரெண்டு பேரும் வேசிகள். சாட்சி இல்லை, பேச ஒரு ஆண்துணை இல்லை. அவர்களுக்கே ராஜா முன்னால வந்து நிற்க வழி இருந்திருக்கிறது. பட்டயம் கேட்பதற்கு முன்னாடி ரெண்டு பேர் சொன்னதையும் அவர் அப்படியே திருப்பிச் சொல்கிறார் பாருங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் என் அறைக்கு வெளியே காலையிலிருந்து நிற்கிற தாய்மார் சொன்னதை நான் ஒரு தடவையாவது அப்படித் திருப்பிச் சொல்லியிருப்பேனா?” குருவானவர் அதற்குப் பதில் சொல்லாமல் 23-ஆம் வசனத்தை மறுபடியும் வாசித்தார்.

இரண்டு நாட்கள் கழித்து, எங்களில் சிலர் மட்டும் பாலஸ்தீன ஓட்டுநர் ஒருவரின் வண்டியில் சுற்றுவழியாக அல்-ஜிப் போனோம். 1838-இல் எட்வர்ட் ராபின்சன் இந்த ஊரைக் கிபியோன் என்று அடையாளம் கண்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக ஜேம்ஸ் பிரிட்சார்டு 1956 முதல் 1962 வரை நடத்திய அகழாய்வில் கிபியோன் என்ற பெயரே பொறித்த சாடிக் கைப்பிடிகள் கிடைத்து அது உறுதியாயிற்று. திராட்சரசம் சேமித்த பாறைக் குழிகளையும் அவர் கண்டெடுத்தார். நாங்கள் பார்க்கப் போனது குளத்தை. சுமார் 12 மீட்டர் விட்டமும் 11 மீட்டர் ஆழமும் கொண்ட வட்டமான கிடங்கு, முழுவதும் பாறையைக் குடைந்தே செய்தது. விளிம்பை ஒட்டிச் சுழன்று இறங்கும் படிகள் அடித்தளத்தோடு நிற்காமல் அதற்கும் கீழே, மொத்தம் 79 படிகளாக, தண்ணீர் அறைவரை போகின்றன. மேல்படிகளின் நடுப்பகுதி கால்பட்டுக் குழிந்திருந்தது. சவுல் வீட்டாரின் படைத்தலைவன் அப்னேரின் சேவகரும் யோவாபின் சேவகரும் எதிரெதிரே உட்கார்ந்து, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக எழுந்து, ஒருவரையொருவர் குத்திச் செத்தது கிபியோனின் குளத்தண்டையில். அது இந்தக் கிடங்காகவே இருக்கலாம். தன் போட்டிப் படைத்தலைவன் அமாசாவை யோவாப் கொன்றதும் கிபியோனிலிருந்த பெரிய கல்லண்டையில்தான். தலைவர்களின் போட்டிக்கு இளைஞர்கள் இரையான ஊர் என்பது சாலொமோனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பிறகு என்ன நடந்தது என்பதையும் வேதம் மறைக்கவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே, சாலொமோனின் அரண்மனைக்கு நாள் ஒன்றுக்கு 30 மாடுகளும் 100 ஆடுகளும் சாப்பாட்டுச் செலவு என்று கணக்கு வருகிறது. லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேர் கட்டாய வேலைக்கு அமஞ்சி ஆட்களாகப் பிடிக்கப்பட்டார்கள். குதிரைகளையும் ஸ்திரீகளையும் வெள்ளி பொன்னையும் ராஜா பெருக்கக்கூடாது என்று உபாகமம் 17-ஆம் அதிகாரம் தடுத்த மூன்றையும் அவன் பெருக்கினான். சாமுவேல் எச்சரித்த ‘எடுத்துக்கொள்வான்’ என்பது, ஞானத்தைக் கேட்டுப் பெற்ற ராஜாவின் காலத்திலேயே முழுமையாக நிறைவேறிற்று. ஆலயப் பிரதிஷ்டையின் நீண்ட ஜெபத்துக்குப் பிறகு, கர்த்தர் கிபியோனில் தோன்றியதுபோல இரண்டாந்தரமும் சாலொமோனுக்குத் தோன்றினார். அங்கே பேசுகிறவர் கர்த்தர் மட்டுமே. சாலொமோன் ஏதாவது கேட்டதாகவோ பதில் சொன்னதாகவோ ஒரு வரியும் இல்லை. அவன் மகன் ரெகொபெயாம், நுகத்தை இலகுவாக்கச் சொல்லிவந்த ஜனங்களுக்கு மூன்று நாள் தவணை சொல்லி, முதியோரிடம் கேட்டான், தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் கேட்டான். கர்த்தரிடம் கேட்டதாக எழுதியிருக்கவில்லை. பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நபி சம்விலுக்கு எருசலேமிலிருந்து வண்டியில் அரை மணி நேரம் போதும். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள் என்பதால் ஜெப ஆலயப் பகுதியில் படம் எடுக்கக்கூடாது. அல்-ஜிப் போவதானால் உள்ளூர் ஓட்டுநரைத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். பயணக் குழுக்களின் பேருந்து அங்கே போகாது. மாடியில் வாசிக்க யோசுவா 9, முதலாம் சாமுவேல் 8, 12, முதலாம் இராஜாக்கள் 2, 3 ஆகிய அதிகாரங்களை இதே வரிசையில் எடுத்துக்கொள்ளலாம். முழுவதும் வாசிக்க ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும். நேரம் குறைந்தால் வேறு எதை விட்டாலும் 2-ஆம் அதிகாரத்தை விடவேண்டாம்.