பத்து போர், பன்னிரண்டு போர், ஒரு வாரிசு விண்ணப்பம்

துப்பாக்கி லைசென்ஸை வாரிசு பேருக்கு மாற்ற, வைத்திருப்பவர் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாமல்தான் இருந்தது. 2016 ஆயுத விதிகளில் 25-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்த ஆயுதத்தை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே சட்டப்படியான வாரிசு ஒருவருக்கு மாற்றித் தரலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தது. மயூர் விஹாரில் என்னோடுதான் இருக்கிறார். லைசென்ஸும் சேலத்திலிருந்து டெல்லிக்கு எப்போதோ மாறி வந்துவிட்டது. அப்புறம் என்ன, விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

மாற்ற வேண்டியவை இரண்டு. இரண்டுமே ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த தாத்தாவுடையவை, இரண்டுமே வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) வைத்த இரட்டைக் குழல் துப்பாக்கிகள். ஒன்று 12 போர் (சண்டை இல்லை, 'bore', குழலின் அகலக் கணக்கு), மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இன்னொன்று 10 போர். அதைக் கையில் வாங்கும் எவரும் முதலில் ஒரு முறை தாழ்ந்துதான் நிமிர்வார்கள். நாலு கிலோவைத் தாண்டும் எடை, 32 அங்குலக் குழல். இரண்டு குழலையும் இணைக்கும் மேல்பட்டையில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கும். மவுண்ட் ரோட்டுக் கடிகாரக் கடையாகத்தான் நமக்கு அவர்களைத் தெரியும். அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். இங்கிலாந்தில் செய்து வந்ததில் இங்கே விற்கும் கடை தன் பெயரைப் போட்டுக்கொள்வது அன்றைய வழக்கம்.

போர் கணக்கு தெரியாதவர்களுக்காக: ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பத்து உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 10 போர். பன்னிரண்டாக்கினால் 12 போர். எண் சிறுத்தால் குழல் பெருக்கும். 12 போர் சுமார் 18.5 மில்லிமீட்டர், 10 போர் 19.7. கேட்கும்போது அற்ப வித்தியாசம்தான். ஆனால் இந்த அற்ப வித்தியாசம்தான் எங்கள் கோப்பைப் பாதி வழியில் நிறுத்தியது.

முதலில் மூன்றாவது துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா தானாக வாங்கிய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி ஒற்றைக் குழல் ஒன்றும் இருந்தது. 2019 டிசம்பரில் சட்டத் திருத்தம் வந்து, ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. மசோதாவில் முதலில் ஒன்று என்றுதான் இருந்தது. எதிர்ப்பு கிளம்பி இரண்டில் வந்து நின்றது. பாட்டன் சொத்து என்றாலும் இந்த இரண்டு என்ற எல்லை உண்டு. மீதியை ஒரு வருடத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். மூன்றில் புதிதாகவும் உபயோகமாகவும் இருந்தது ஒற்றைக் குழல்தான். அப்பா யோசிக்கவே இல்லை, அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். "அது நான் வாங்கினது, கொடுக்கலாம். இது ரெண்டும் எனக்கு வந்தது" என்றார். அதே திருத்தத்தில் ஒரு நல்லதும் நடந்தது: லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீண்டது.

தமிழ்நாட்டு மாவட்டங்களில் லைசென்ஸ் கலெக்டர் கையில். டெல்லியில் போலீஸே கொடுக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில், ஏ-1 படிவம். அதோடு அப்பாவின் விருப்பக் கடிதம், அவருடைய அசல் லைசென்ஸ், என் அடையாள, முகவரிச் சான்றுகள், மனநிலையும் உடல்நிலையும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் தரும் சான்றிதழ், பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ், வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழி, மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரம். திருச்சியிலிருந்து அக்கா நோட்டரி கையெழுத்தோடு அனுப்பினாள். "நகையில பங்கு பிரிச்சப்ப ஒரு துண்டுச் சீட்டு எழுதலை. இந்த இரும்புக்கு இருபது ரூபாய் பத்திரமாடா?" என்று போனில் ஒரு மூச்சு சிரித்தாள்.

பயிற்சியை மட்டும் யாரும் சடங்காக நினைக்க வேண்டாம். குதிரை வைத்த துப்பாக்கியில் பெரும்பாலும் தனி சேஃப்டி கிடையாது. சுடாமல் நிறுத்த வேண்டுமென்றால் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் கட்டைவிரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி மெல்ல இறக்குவது. தோட்டா உள்ளே இருக்கும்போதே இறக்கினால், விரல் வியர்வையில் வழுக்கினாலே போதும், வெடித்துவிடும். பயிற்சி கொடுத்தவர் வெற்றுத் துப்பாக்கியில் திரும்பத் திரும்ப இதையே செய்ய வைத்தார். எரிச்சலாக இருந்தாலும் அவர் செய்தது சரி.

போலீஸ் விசாரணை அறிக்கை 30 நாளுக்குள் வர வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் போட்ட விண்ணப்பத்துக்குத் தீபாவளிப் புகை சூழ்ந்த பிறகுதான் பீட் கான்ஸ்டபிள் வந்தார். எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியிடம் என்னைப் பற்றிக் கேட்டார். "இவங்க வீட்டில் வெங்காயம் வெட்டினாலே கதவைச் சாத்திக்குவாங்க, இவங்களா சுடப்போறாங்க?" என்று அந்த அம்மா சொன்னது எனக்கு ஆதரவா எதிர்ப்பா என்று இன்னும் புரியவில்லை. கான்ஸ்டபிள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சலாதே பி ஹோ, யா பஸ் ரக்கா ஹை?" சுடுவதும் உண்டா, சும்மா வைத்திருப்பதா? 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ரேஞ்சில் காற்றில் எறியும் களிமண் தட்டைச் சுடுவதற்கும் பரம்பரைப் பொருளாக வைத்திருப்பதற்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் சிக்கல். கோப்பு திரும்பி வந்தது. பழைய கையெழுத்து லைசென்ஸைக் கணினியில் ஏற்றியபோது, எந்த ஊரில் யார் செய்ததோ, இரண்டு துப்பாக்கியையும் 12 போர் என்றே பதிந்திருந்தார்கள். எண்கள் சரி, போர் தப்பு. காகிதத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றாக இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருப்பதாகவே அர்த்தமாகிவிடும் என்பதால், நேரில் காட்டச் சொன்னார்கள்.

சோதித்தவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைச் சோதித்துப் பழுது பார்ப்பவர், ஹரியானாக்காரர். பையைத் திறந்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். முன்கட்டையைக் கழற்றி, நெம்புகோலைத் திருப்பிக் குழல்களைப் பிரித்து, கவிழ்த்து மேஜைத் துணியில் வைத்தார். எண்ணெய்த் துணியால் அடிப்பாகத்தைத் துடைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். கிரீடம், அதற்குக் கீழே குறுக்கே வைத்த இரண்டு செங்கோல், இடுக்குகளில் பி, பி, சி என்று பொடி எழுத்து. பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸின் பழைய முத்திரை. 1813-இல் சட்டத்தால் அமைந்தது அந்தச் சோதனைக்கூடம். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு குழலும் அதிக வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்க்கப்பட்ட பிறகே அங்கே முத்திரை வாங்கும். பக்கத்திலேயே 10 என்ற எண். அதை விரலால் தொட்டுக் காட்டி, "தஸ் ஹை, பாரஹ் நஹீன்" (பத்து, பன்னிரண்டு இல்லை) என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு வரியை. குழலில் 'நாட் ஃபார் பால்' என்று இருந்தது. ஒற்றைக் குண்டு போட்டுச் சுடாதே என்ற எச்சரிக்கை. வாய்ப்பக்கம் குறுக்கிய சோக் குழல்களில் 1875-க்கும் 1887-க்கும் இடையில்தான் இப்படிப் பொறித்தார்கள். 1887-க்குப் பிறகு வரும் சாய்சதுரக் கட்டத்துக்குள்ளான எண் இதில் இல்லை. ஆக, காகிதம் எதுவும் இல்லாமலேயே துப்பாக்கி தன் வயதைச் சொல்லிவிட்டது. நைட்ரோ மருந்துக்கான, அதாவது புகையில்லாத புது வகை வெடிமருந்துக்கான, முத்திரையும் இல்லை. அது 1896-க்குப் பிறகு வந்த ஏற்பாடு. அதாவது இந்தக் குழல் பழைய கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது.

குழலோ டமாஸ்கஸ். இரும்பும் எஃகுமான கம்பிகளை முறுக்கி, பட்டையாகத் தட்டி, தண்டின்மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். பழுப்பு நிறத்துக்குள் சுருள் சுருளாக ஓடும் அந்தக் கோலம் வெறும் மேல்பூச்சு இல்லை, குழலே அப்படித்தான். எங்காவது ஓர் ஒட்டுக்குள் நூறு வருடத் துரு இருந்தால் வெளியிலிருந்து தெரியாது. இந்தியாவில் 10 போர் தோட்டா விற்று நான் பார்த்ததும் இல்லை. ஆக, லைசென்ஸ் கிடைத்தாலும் இதைச் சுடுவதில்லை என்று அந்த மேஜையிலேயே முடிவு செய்தேன்.

அப்படியென்றால் லைசென்ஸ் எதற்கு, பழம்பொருள் என்று சொல்லிவிடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆயுதச் சட்டம் 45-ஆவது பிரிவில் விலக்கு இருப்பது உண்மைதான். பழைய மாதிரி, பழம்பொருள் மதிப்பு, பழுதானது எல்லாம் அதில் வரும். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் 10 போரின் இரண்டு பூட்டும் (குதிரையை இயக்கும் பொறி) இன்றைக்கும் கணீரென்று விழுகின்றன. விலக்கு வேண்டுமானால் குழலைத் துளைத்துக் கெடுக்க வேண்டும். சிலர் செய்கிறார்கள். எனக்கு அது நல்ல வீணையில் ஆணி அடிப்பது மாதிரி. லைசென்ஸ் தொல்லையே மேல்.

திருத்தம் ஆனது, நேர்முகம் ஆனது, லைசென்ஸ் வந்தது. அப்பா பேர் நீங்கி என் பேர் ஏறிய நாளில் அவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "சாவி எங்க வைக்கப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

12 போர் விஷயம் வேறு. எஃகுக் குழல், 1904-க்குப் பிந்தைய முத்திரைகள், 'நைட்ரோ ப்ரூஃப்', அதிகபட்சம் ஒன்றும் அரைக்காலும் அவுன்ஸ் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டுகள்) என்று எழுத்தில். கிராமில் சுமார் 32. காஷ்மீரி கேட் பக்கம் ஒரு பழைய கடையில் கொடுத்து உட்குழலை அளந்தேன். உள்ளே தேய்ந்து விட்டம் கூடியிருந்தால் பழைய முத்திரைக்கு மதிப்பில்லை. தேயவில்லை. குழல்களைத் தனியாகத் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினார் கடைக்காரர். நீளமாக ஒலித்தது. பட்டையின் ஈயப் பற்று விட்டிருந்தால் ஓட்டைச் சட்டிச் சத்தம்தான் வருமாம்.

அப்புறம் தோட்டா நீளம். பழைய பிரிட்டிஷ் 12 போர்களைச் சுட நினைக்கும் யாரும் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது. இவற்றின் தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். இன்றைக்கு ரேஞ்சில் எல்லாரும் சுடுவது 70. வம்பு என்னவென்றால், 70 என்பது வெடித்து விரிந்த பிறகு உள்ள நீளம். வாய் மடித்த புதுத் தோட்டா 60 மில்லிமீட்டர்கூட வராது. 65 அறைக்குள் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் கழுத்தில் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும். "போட்டிக்கான 24 கிராம் தோட்டாதான் சார், லேசானது, ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் நீட்டினார். ரவை குறைந்தாலும் நீளம் குறையாதே. வாங்கவில்லை. 65 எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. சொல்லி வைத்துக் காத்திருந்து வாங்கினேன். வாங்கிய எண்ணிக்கை லைசென்ஸில் ஏறும், அந்த வரம்புக்குள்தான் எல்லாம்.

சுட்டது துக்ளகாபாத் ரேஞ்சில். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது, கர்ணி சிங் பெயரில் இருக்கிறது. பிகானீர் மகாராஜாவாக இருந்தவர். 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் என்ற தட்டு சுடும் போட்டியில் வெள்ளி வாங்கியவர். பக்கத்து நிலையத்தில் இத்தாலியத் துப்பாக்கியோடு நின்ற பையன்கள் என் குதிரைகளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மூடி, தோளில் வைக்கும் முன் இரண்டு குதிரையையும் இழுத்து நிறுத்தி, பிறகுதான் தட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும். அதற்குள் அவர்கள் ஆட்டம் பாதி முடிந்துவிடும்.

முன்விசைக்கு வலது குழல், பின்விசைக்கு இடது. இடது வாய் குறுகல், தூரத்துக்கு. பாதிக்கு மேல் தட்டுகள் முழுசாகவே போய் மண்ணில் விழுந்தன. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "தட்டைச் சுடாதேடா, தட்டு போகப்போற இடத்தைச் சுடு" என்றார். அடுத்தது ஆரஞ்சுப் பொடியாக உதிர்ந்தது. பையன்களில் ஒருவன் வந்து, ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா அங்கிள் என்று கேட்டான். திறந்து, காலி என்று காட்டிவிட்டுக் கொடுத்தேன்.

இப்போது 12 போரின் கட்டையில், கைப்பிடிக்குப் பின்னால் மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது. பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள கடையில்தான் கொடுக்க வேண்டும், துப்பாக்கி எண் போட்ட ரசீது இல்லாமல் விட்டுவிட்டு வரக்கூடாது. கடைக்காரர் வால்நட் கட்டை தேடிக்கொண்டிருக்கிறார். அதுவரை ரேஞ்சுக்கு லீவு.