மலேசியாவின் லங்காவியிலிருந்து இலங்கையின் காலிக்கு: பாய்மரப் படகு நாட்குறிப்பு

பிப்ரவரி 12, 2025, லங்காவி

நேற்றோடு தைப்பூசம் முடிந்தது, இன்று முழுக்கச் சாமான் ஏற்றும் வேலை. அட்டைப்பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் வரக்கூடாது என்பது என் சட்டம். அதன் மடிப்புகளில்தான் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் 36 அடிப் படகில் அதுகளோடு சேர்ந்து குடித்தனம் நடத்த வேண்டியதுதான். படகுத்துறையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டிவிட்டு, கோழி முட்டைக்கு ஒவ்வொன்றாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன். கழுவாத, குளிர்பெட்டிக்குள் போகாத முட்டையாகப் பார்த்து வாங்கி, இப்படித் தடவி, இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

அத்தை போனில் கேட்டார்: “ராத்திரியில எங்கேம்மா நிறுத்திட்டுத் தூங்குவீங்க?” எங்கே நிறுத்துவது? எங்கள் நங்கூரச் சங்கிலி 60 மீட்டர், வங்காள விரிகுடாவோ கிலோமீட்டர் கணக்கில் ஆழம். கரை சேரும்வரை படகு இரவும் பகலும் ஓடும், யாராவது ஒருவர் விழித்திருப்போம் என்றேன். பதிலே வரவில்லை. அப்புறம், ஊறுகாய் எடுத்துக்கிட்டீங்களா என்று கேட்டார்.

பிப்ரவரி 14

எல்லாம் தயார், ஆனாலும் கிளம்பவில்லை. வெள்ளிக்கிழமை பாய் விரிக்கக்கூடாது என்று பக்கத்துப் படகு வெள்ளைக்காரர் சொல்கிறார், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம் என்கிறார் அத்தை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தால் இரண்டு பேர் மனமும் குளிரும்.

காலி வரை நேர்கோட்டில் 1,150 கடல் மைலுக்குச் சற்று மேல். இந்த மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று படகின் பின்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தள்ளிக்கொடுக்கும். மே கடந்து தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் முகத்தில் அறையும். காலிக்குப் பிறகு மாலத்தீவு, அப்புறம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போவதாக உத்தேசம். 2023 கடைசியிலிருந்து கப்பல்கள் தாக்கப்பட்ட செங்கடல் வழி எங்களுக்கு வேண்டாம்.

பிப்ரவரி 17, சுமத்திராவின் வடமுனை தாண்டி

முதல் இரவு மலாக்கா நீரிணையில் கணவாய் மீன் பிடிக்கும் படகுகள், வானமே பச்சையாகத் தெரிகிற அளவுக்கு விளக்குகள். அதைவிட மோசம் பூலாவ் வே தீவுக்கு வடக்கே. சிங்கப்பூர் பக்கம் போகிற, வருகிற கப்பலெல்லாம் நெடுஞ்சாலை லாரி மாதிரி இங்கே வரிசை கட்டுகின்றன. அடிவானத்தில் ஒரு விளக்கு தெரிந்தால் அது நம் தலைமேல் வந்து நிற்க அரை மணிகூட ஆகாது. அதனால் சமையலறை டைமரைப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அடித்ததும் எழுந்து சுற்றிலும் ஒரு பார்வை, பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் திரையில் ஒரு பார்வை. அது அடிக்கும்போதெல்லாம் குக்கர் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.

பிப்ரவரி 20, வங்காள விரிகுடா

கப்பல் ஒன்றும் இல்லை. நிலா நள்ளிரவுக்குத்தான் வருகிறது. பின்னாலிருந்து வரும் அலையில் படகு ஓயாமல் இரண்டு பக்கமும் உருளுவதால் தேநீரை அரைக் கோப்பைக்கு மேல் ஊற்ற முடிவதில்லை.

இருபத்து நாலு மணி நேரமும் ஒன்றாக இருந்தால் சண்டை வருமே என்று கேட்காத ஆள் இல்லை. அட, பார்த்தால்தானே சண்டை போட! மூன்று மணி நேரம் நான், மூன்று மணி நேரம் இவர். ஒருவர் எழும்போது மற்றவர் அதே சூட்டோடு இருக்கிற படுக்கையில் விழுகிறோம். சாயங்காலச் சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு தட்டு. மற்றபடி இவரோடு என் பேச்சுவார்த்தை, காவலில் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில்தான். இன்று விடியற்காலை எழுதியிருந்தார்: “காற்று வேகம் 16 நாட், முன்பாயைக் கொஞ்சம் சுருட்டினேன். வெங்காய மூட்டை அவிழ்ந்து உருண்டது, பொறுக்கிக் கட்டிவிட்டேன். ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.”

சண்டை ஒன்று வரத்தான் செய்தது, கடிகாரத்தால். இலங்கை நேரம் மலேசியாவைவிட இரண்டரை மணி பின்னால், ஆகவே போகிற வழியில் அரை அரை மணியாகக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். யார் காவலில் திருப்புகிறோமோ அவருக்கு அரை மணி கூடுதல் விழிப்பு. மொத்தம் ஐந்து தடவை திருப்ப வேண்டும், ஐந்தை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. முதல் தடவை இவர் காவலில் திருப்பியாயிற்று. கடைசியும் இவருடையதுதான் என்று லாக் புத்தகத்தில் எழுதிவிட்டுப் படுக்கப் போகிறேன்.